வயிற்றில் நீர் கட்டிய பின்

(அனலைதீவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒருவருக்கு வயிற்றில் நீர் கட்டியிருக்கிறது என்று தெரிந்த அன்றே வீட்டார் ஒரு கேள்வி கேட்பார்கள். வார்ட் வாசலில், நோயாளியின் காதுக்கு எட்டாத இடத்தில் என்னை மறித்து, "டொக்டர், இனி எவ்வளவு காலம்?" என்பார்கள். அதே கேள்வி டொரொண்டோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் இரவில் தொலைபேசியில் வரும். அங்கே இருக்கும் மகனுக்கு அதற்குள்ளே இன்னொரு கணக்கும் உண்டு. இப்பவே டிக்கட் போடவேண்டுமா, பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறை மட்டும் பொறுக்கலாமா? நியாயமான கேள்வி. சுற்றி வளைக்காமல் மறுமொழி சொல்லவேண்டிய கேள்வி. ஆகவே இன்றைக்கு எண்களோடுதான் சொல்லப்போகிறேன். அந்த எண்களில் எவ்வளவு உங்கள் கையில் இருக்கிறது, அதிலும் நாலு பக்கமும் கடல் சூழ்ந்த இந்த ஊரில் எது உங்கள் கையில் இருக்கிறது என்பதைத்தான் கூடுதலாகக் கதைக்கப்போகிறேன்.

முதலில் அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் திரும்பும் இரத்தம் ஒரு பெரிய நாளம் வழியாக ஈரலுக்குள் போகிறது. ஈரலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் இரத்தம் வருகிறது. அதில் முக்கால் பங்கு இந்த நாளத்தால் வருவது. ஈரல் வருடக்கணக்காகப் புண்பட்டு, தழும்பேறி, இறுகிப்போனால் இரத்தம் உள்ளே போக வழி குறைகிறது. அதைத்தான் சிரோசிஸ் என்கிறோம். நீங்கள் புகையிலைக்கு இறைக்கும்போது வாய்க்காலின் கடைப்பக்கம் அடைபட்டால் தண்ணீர் பின்னுக்குத் தேங்கி வரம்பால் கசியும் அல்லவா? அதே மாதிரி நாளத்தில் அமுக்கம் ஏறி, நீர் வயிற்றறைக்குள் கசிகிறது. இது பாதிக் கதை. மீதிப் பாதி சிறுநீரகத்தில் நடக்கிறது. இரத்தம் வயிற்றுப் பக்கமே தேங்கி நிற்பதால், உடம்பில் இரத்தம் போதாது என்று சிறுநீரகம் எடுத்துக்கொண்டு, உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. உப்பு நிற்கிற இடத்தில் நீரும் நிற்கும். ஒரு மனிதரின் வயிற்றில் பத்து லீற்றர் சேருவது இப்படித்தான்.

தொடக்கத்தில் நோ இருக்காது. சாரம் கட்டுகிற இடத்தில் தடம் ஆழமாக விழும். கணுக்காலைப் பெருவிரலால் அமத்தி எடுத்தால் குழி விழுந்து அப்படியே நிற்கும். நாலு வாய் சாப்பிட்டவுடன் வயிறு நிறைந்துவிடும். தோளும் முகமும் மெலிய, வயிறு மட்டும் வளரும். "ஆள் கொழுத்திட்டார்" என்று ஊர் சொல்லிக்கொண்டிருக்கிற மாதங்களில்தான் நோய் முற்றுகிறது. ஒன்றரை லீற்றர் அளவு சேர்ந்த பிறகே கையால் தட்டிப் பார்த்து ஒரு வைத்தியரால் நிச்சயமாகச் சொல்ல முடியும். ஸ்கான் அதற்கு வெகு முன்னரே காட்டிவிடும்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். எவ்வளவு காலம் என்பது நீர் எதனால் கட்டியது என்பதில் தங்கியிருக்கிறது. மேற்கு நாடுகளின் கணக்கில் இப்படி நீர் கட்டும் நூறு பேரில் ஏறத்தாழ எண்பது பேருக்கு ஈரல் இறுகியதுதான் காரணம். பத்துப் பேருக்குப் புற்றுநோய். மிச்சப் பேருக்கு இருதயம், காசம், சிறுநீரகம், கணையம். தென்னாசியாவில் காசத்தின் பங்கு இதைவிடக் கூட. வயிற்றில் வரும் காசத்தை நான் முதலில் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. மெலிவு, மாலைக் காய்ச்சல், பெருத்த வயிறு என்று ஒருவர் கிடக்கும்போது வீட்டார் அவரைக் கைவிட்டுவிடுவார்கள். ஆனால் அது காசமாக இருந்தால் ஆறு மாதக் குளிசையோடு முற்றாகச் சுகமாகிவிடும். அந்த மருந்து அரசாங்கம் இலவசமாகத் தருவது. அப்படிப்பட்டவரின் ஆயுட்காலம் உங்களுடையதும் என்னுடையதும் போன்றதுதான். இன்னொரு பக்கத்தில், புற்றுநோய் வயிற்றுச் சவ்வில் பரவி நீர் கட்டினால் பெரும்பாலும் சில வாரங்கள், சில மாதங்கள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். சூலகப் புற்றுநோய் அதற்கு ஓரளவு விலக்கு, சத்திரசிகிச்சையும் மருந்தும் அங்கே வருடங்களைத் தரக்கூடும். வெளியிலிருந்து பார்த்தால் மூன்று வயிறும் ஒரே வயிறுதான். பார்த்து ஒருவரும் சொல்ல முடியாது. ஒரு சிறு ஊசிக்குழல் அளவு நீரை எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும்.

ஈரல் இறுகியவர்களின் எண்களைச் சொல்லுகிறேன். ஈரல் இறுகியும் நீர் கட்டாமல், இரத்தம் கக்காமல், புத்தி மாறாட்டம் வராமல் இருப்பவர்களில் பாதிப் பேர் 12 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்கிறார்கள். இந்தச் சிக்கல்களில் ஒன்று வந்துவிட்டால் அந்தப் பாதிக் கணக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாகச் சுருங்குகிறது. நீர் கட்டியவர்களை மட்டும் தனியே எடுத்தால், முதல் ஆண்டில் நூறில் 15 முதல் 20 பேர் இறக்கிறார்கள். ஐந்து ஆண்டு முடிவில் ஓர் ஆய்வில் 44 பேர், வேறு ஆய்வுகளில் 70 பேர்வரை. எந்த மருந்துக்கும் நீர் வடியாத நிலைக்கு வந்துவிட்டால், பாதிப் பேருக்கு ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில்தான்.

இந்த 44க்கும் 70க்கும் இடையில் எவ்வளவு பெரிய வெளி இருக்கிறது என்று பாருங்கள். அந்த வெளிக்குள்தான் மனிதர்கள் செய்வதும் செய்யாமல் விடுவதும் அடங்கியிருக்கிறது. காரணத்தை நிறுத்தினாரா, மருந்தை ஒழுங்காக எடுத்தாரா, கிருமி தொற்றிய அன்று எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தார் என்பதெல்லாம் அதற்குள் வரும். எண்ணை நான் உங்களுக்குச் சொல்வது பயப்படுத்த அல்ல. முதல் ஆண்டை விட்டுவிடக்கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான்.

நம்முடைய ஊர்களில் ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது: "தண்ணி எடுக்கத் தொடங்கினால் ஆள் முடிஞ்சுது." இதைச் சொல்லியே நோயாளியை வார்ட்டிலிருந்து துண்டு வெட்டிக் கூட்டிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த நம்பிக்கைக்கு ஒரு பழைய நியாயம் இருக்கிறது. ஐரோப்பாவின் மாபெரும் இசைமேதை பீத்தோவன் இதே நோயால்தான் இறந்தார். வியன்னாவில் 1826 டிசம்பர் 20ஆம் திகதி முதல் தடவை அவர் வயிற்றைத் துளைத்து நீர் எடுத்தார்கள். அடுத்த பெப்ரவரி 27க்குள் நாலு தடவை எடுத்தாயிற்று. துளைத்த இடம் அழற்சி கண்டு நீர் கசிந்துகொண்டேயிருந்தது. 1827 மார்ச் 26இல் அவர் இறந்தார். உடலைப் பரிசோதித்தபோது ஈரல் சுருங்கி முடிச்சு முடிச்சாகக் கிடந்தது. கிருமி என்ற ஒன்றையே வைத்திய உலகம் அறியாத காலம் அது. விறைப்பு ஊசி கிடையாது. எடுத்த நீருக்கு ஈடாகக் கொடுக்க ஒன்றும் கிடையாது. அந்தக் காலத்து அச்சம் நியாயமானது.

இன்றைக்கு அது எப்படி நடக்கிறது என்று சொல்லுகிறேன். நோயாளியைச் சற்றுச் சாய்வாகப் படுக்க வைத்து, பெரும்பாலும் இடப் பக்க அடிவயிற்றில், மருந்து தடவித் துடைத்து, விறைக்க ஒரு சின்ன ஊசி போடுவோம். பிறகு ஒரு மெல்லிய ஊசிக்குழாய். வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் வரும். முதல் வருவதில் கொஞ்சத்தைக் குப்பிகளில் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தை வடிய விடுவோம். சில மணி நேரம். அவர் படுத்துக்கொண்டே பேத்தியோடு போனில் கதைக்கலாம். ஐந்து லீற்றருக்கு மேல் எடுத்தால், எடுக்கும் ஒவ்வொரு லீற்றருக்கும் 8 கிராம் அல்புமின் என்ற புரதத்தை நரம்பு வழியாக ஏற்றுவோம். ஆறு லீற்றர் என்றால் 48 கிராம். பத்துக் கிராம் கொண்ட சின்னப் போத்தல்களில் ஐந்து. இந்த முறை பாதுகாப்பானது என்று 1980களில் பார்சலோனா வைத்தியர்கள் நிரூபித்தார்கள். மூச்சு முட்டக் கிடந்தவர் அன்று பின்னேரமே எழுந்திருந்து சாப்பிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நீர் எடுப்பதால் ஆள் முடிவதில்லை. மிகவும் பிந்தி வருகிறவர்களுக்கே நம்முடைய ஊரில் நீர் எடுக்கப்பட்டது. அதனால் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

பீத்தோவனைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். குடிதான் அவரைக் கொன்றது என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் சொல்லிவந்தார்கள். 2023இல் அவருடைய தலைமயிரிலிருந்து மரபணுவை எடுத்து ஆராய்ந்தபோது, ஈரல் நோய்க்கு ஏதுவான பரம்பரைக் கூறுகள் இருந்ததும், கடைசி மாதங்களில் அவர் உடம்பில் ஹெபற்றைற்றிஸ் பி கிருமி இருந்ததும் தெரிய வந்தது. குடி ஒரு காரணம், ஒரே காரணமல்ல. இலங்கையில் 2003ஆம் ஆண்டு முதல் குழந்தைகளுக்கு ஹெபற்றைற்றிஸ் பி தடுப்பூசி கொடுக்கப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்கள் ஒருமுறை இரத்தத்தைச் சோதித்துக்கொள்வது நல்லது. இன்னொரு காரணம் ஈரலில் கொழுப்புப் படிவது. றாகமையில் 35 முதல் 64 வயது வரையானவர்களை ஆராய்ந்தபோது, குடியால் அல்லாத கொழுப்பு ஈரல் 32.6 சதவீதமானோருக்கு இருந்தது. மூன்றில் ஒருவர்! சலரோகமும் தொந்தியும் இருப்பவர்களே இதில் கூடுதல். ஆயுளில் ஒரு சொட்டும் தொடாத ஒரு தாய், ஈரல் இறுகி வயிறு பெருத்து வருகிறாள். கிளினிக் வரிசையில் அவளை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். அது பெரிய அநியாயம். தயவு செய்து அப்படிப் பார்க்காதேங்கோ.

ஆனாலும் குடியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. "கள்ளு சாப்பாடு மாதிரி, அது ஒண்டும் செய்யாது" என்பார்கள். புளித்த கள்ளில் 5 சதவீதம் மதுசாரம் என்று வைத்தால், ஒரு பெரிய போத்தலில் சுமார் 30 கிராம் மதுசாரம் இருக்கிறது. அரைப் போத்தல் சாராயத்தில் ஏறத்தாழ 100 கிராம். ஈரல் எண்ணிக்கொள்வது இந்தக் கிராமைத்தான். பனையிலிருந்து வந்ததா, வடிசாலையிலிருந்து வந்ததா என்று அது பார்ப்பதில்லை. 1968இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த புகழ்பெற்ற ஆய்வொன்றில், குடியால் ஈரல் இறுகியவர்களில் குடியை விட்டவர்கள் நூற்றுக்கு 63 பேர் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். விடாதவர்களில் 41 பேர். இந்த வித்தியாசத்தைத் தரக்கூடிய குளிசை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் உலகம் கொண்டாடியிருக்கும். ஒரு எச்சரிக்கை: நாள்தோறும் நிறையக் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் வலிப்பும் மாறாட்டமும் வரலாம். வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தாதேங்கோ. ஆஸ்பத்திரியில் மருந்தோடு நிறுத்துங்கோ.

காரணத்தை நிறுத்தினால் ஈரல் ஓரளவு மீளும். குடியை விட்டு, அல்லது ஹெபற்றைற்றிஸ் கிருமியை மருந்தால் அடக்கி, நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர்க்குளிசை இல்லாமலே ஒரு வருடத்துக்கு மேல் வயிறு வற்றிய நிலையில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். 2021இல் உலக ஈரல் நிபுணர்கள் கூடி இந்த நிலைக்கு ஒரு வரையறையே வகுத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் இதை எங்களுடைய பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் பேசவில்லை. இப்போது நான் ஒவ்வொரு நோயாளிக்கும் சொல்லுகிறேன்.

இனி இந்தத் தீவுக்கே உரிய விஷயம். வயிற்றில் கட்டிய நீரில் கிருமி தொற்றுவது மிகப் பெரிய ஆபத்து. அது கத்தியால் வெட்டின மாதிரி வராது. இலேசான காய்ச்சல், கொஞ்சம் வயிற்று நோ, சத்தி, அல்லது ஒன்றுமே இல்லாமல் ஆள் சற்று மந்தமாக இருப்பது, இரவில் விழித்திருந்து பகலில் தூங்குவது. "பனடோல் போட்டுப் படுங்கோ, விடியப் பாப்பம்" என்று நாங்கள் எல்லாரும் சொல்லக்கூடிய காய்ச்சல் அது. இங்கே விடியப் பார்ப்பது என்றால், விடிந்து, ஊர்காவற்றுறைக்கோ குறிகட்டுவானுக்கோ படகு வெளிக்கிட்டு, அங்கிருந்து வாகனம் பிடித்து, பண்ணைப் பாலத்தால் பட்டினம் போய், வார்ட்டில் துண்டு போட்டு, நீர் எடுக்க மத்தியானம் திரும்பிவிடும். சோளகக் காற்று அடித்தால் இன்னும் பிந்தும். 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதே நோயாளிகளைப் பார்த்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து 12 மணித்தியாலத்துக்குள் நீர் எடுத்துப் பரிசோதிக்கப்பட்டவர்களில் 13 சதவீதமானோர் இறந்தார்கள். அதற்குப் பிந்தியவர்களில் 27 சதவீதம். ஏறத்தாழ இரண்டு மடங்கு. அங்கே கடல் இல்லை, படகு இல்லை. ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடந்த தாமதம் அது. நம்முடைய தாமதம் வீட்டுத் திண்ணையில் தொடங்குகிறது.

கிருமி தொற்றியது தெரிந்துவிட்டால் மருந்து உண்டு. நரம்பில் ஏற்றும் கிருமிநாசினியோடு அல்புமினையும் சேர்த்துக் கொடுத்தபோது, ஆஸ்பத்திரியில் இறந்தவர்களின் தொகை 29 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக இறங்கியது என்று 1999இல் ஸ்பெயின் வைத்தியர்கள் காட்டினார்கள். ஆகவே வயிற்றில் நீர் உள்ளவருக்குக் காய்ச்சலோ, வயிற்று நோவோ, மாறாட்டமோ, கறுத்த மலமோ, இரத்தச் சத்தியோ, சிறுநீர் குறைந்துபோவதோ வந்தால் அந்த நேரமே இங்குள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கோ. இரவு என்று பார்க்காதேங்கோ. எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, முதல் ஊசியை இங்கேயே போட்டுவிட்டு அனுப்புவதா என்பதை வைத்தியர் முடிவெடுப்பார். அக்கரையில் இறங்கிய பின் 1990 அம்புலன்ஸ் சேவை இருக்கிறது. 2018 முதல் வடக்கிலும் இலவசமாக ஓடுகிறது. படகு கட்டியிருக்கும் தம்பிமாரிடம் ஒரு வேண்டுகோள். இப்படியான நோயாளி எந்தெந்த வீட்டில் இருக்கிறார் என்று அந்த வீட்டாரே உங்களிடம் முன்கூட்டிச் சொல்லிவைப்பார்கள். இரவில் அவர்கள் வந்து தட்டினால், என்ன வருத்தம் என்று விசாரித்துக்கொண்டிருக்காமல் இயந்திரத்தை இழுங்கோ.

வாடை மழைக்கும் சோளகத்துக்கும் முன்னர் கிளினிக் திகதியைப் பார்த்து இரண்டு கிழமைக்கு மேலதிகமாக மருந்து கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது. நீர்க்குளிசையை இடையில் விடுகிறவர்களில் பலர் மருந்து முடிந்ததால் விடுகிறார்கள்.

கடற்தொழில் செய்பவர்களுக்கு இன்னொன்று. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் ஒரு கிருமி இருக்கிறது. ஆரோக்கியமான ஈரல் உள்ளவருக்கு அதனால் பெரிய கேடு வருவது அரிது. ஈரல் இறுகியவரின் இரத்தத்தில் அது புகுந்தால் பாதிப் பேர் பிழைப்பதில்லை. காலில் முள்ளுக் குத்தின புண்ணோடு கடலுக்குள் இறங்கக்கூடாது. மட்டியோ சிப்பியோ நண்டோ அரைவேக்காட்டில் சாப்பிடக்கூடாது. நன்றாக வெந்தால் பயமில்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்க அக்காமார் காத்துக்கொண்டிருக்கிறீர்கள், தெரிகிறது. நாளுக்கு உப்பு மொத்தம் 5 கிராம், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. கறியில் போடுவது, சம்பலில் போடுவது, பாணில் இருப்பது எல்லாம் சேர்த்து. கருவாட்டில் எடையின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பெரும்பாலும் உப்புத்தான். ஐம்பது கிராம் கருவாடு என்றால் அன்றைய கணக்கு முடிந்துவிட்டது. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், மிக்சர் பைக்கற் எல்லாம் அதே வகை. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அதிலும் உப்பு உண்டு. நோயாளிக்குக் குடிக்க நல்ல தண்ணீர் வையுங்கோ. பச்சை மீன் தாராளமாகச் சாப்பிடலாம். சட்டியில் உப்புப் போட முன் அவருக்கு ஒரு பங்கை எடுத்து வைத்து, தேசிக்காய், மிளகு, உள்ளி, பழப்புளி போட்டுச் சமைத்துக் கொடுங்கோ. முதல் இரண்டு கிழமை ருசிக்காது. பிறகு நாக்கு பழகிவிடும். உப்பைக் குறைத்து நீர்க்குளிசையையும் எடுப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு நீர் கட்டுப்படும். கடையில் விற்கும் "மாற்று உப்பு" வேண்டாம். அதில் பொட்டாசியம் இருக்கும், சில நீர்க்குளிசைகளோடு அது இருதயத்துக்கு ஆபத்து.

குடிக்கிற தண்ணீரை நிறுத்தவேண்டியதில்லை. வயிற்றில் தண்ணி கட்டியிருக்கிறது என்று சொல்லித் தாகத்தோடு ஆளைப் போட்டு வைக்கும் வீடுகள் இருக்கின்றன. இரத்தத்தில் சோடியம் மிகக் குறைந்தால் மட்டுமே வைத்தியர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லுவார்.

பத்தியம் என்ற பெயரில் மச்சத்தையும் முட்டையையும் பருப்பையும் நிறுத்துவதுதான் எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது. அந்த நோயாளியின் தோளைத் தொட்டுப் பாருங்கோ, எலும்பு தட்டுப்படும். உடம்பு தன் தசையைத் தானே தின்றுகொண்டிருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும். மாறாட்டம் வந்தவருக்கும் இதுதான் கணக்கு. மீன், முட்டை, பருப்பு, பால் எதையும் மறிக்காதேங்கோ. படுக்க முன் ஏதாவது சாப்பிட வேண்டும். இரவு முழுக்க வெறும் வயிறு இவர்களுக்கு ஆகாது. ஒரு கோப்பை பாலும் இரண்டு துண்டுப் பிட்டும் போதும். கைதடி சித்த வைத்தியசாலைக்கோ வேறு சித்த வைத்தியரிடமோ போவதானால் இரத்தப் பரிசோதனைத் துண்டுகளைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ, எங்களுக்கும் சொல்லுங்கோ. மூட்டு நோவுக்குக் கடையில் வாங்கிப் போடும் டிக்ளோபினாக், இபுபுரொபன் குளிசைகள் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பனடோல் நாளுக்கு நாலு குளிசைக்கு மேற்படாமல், வைத்தியரிடம் கேட்டு எடுக்கலாம்.

காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிட முன், நிறையைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கோ. கால் வீக்கம் இல்லாதவருக்கு நாளுக்கு அரைக் கிலோவும், இருப்பவருக்கு ஒரு கிலோவும் இறங்குவது போதும். அதைவிட வேகமாக இறங்கினால் சிறுநீரகம் அடிபடும். அப்படி இறங்கினால் கிளினிக் திகதி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது. அந்தக் கொப்பி ஸ்கான் படத்தைவிட எனக்கு உதவும்.

ஈரல் மாற்றும் சத்திரசிகிச்சை பற்றிக் கேட்பீர்கள். றாகமையில் செய்கிறார்கள். செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் ஐந்தாண்டுக்குப் பிறகும் நலமாக இருப்பதாக உலகக் கணக்கு. ஈரல் கிடைப்பது அரிது, செலவும் அலைச்சலும் பெரிது. ஆனால் ஐம்பது வயதில் ஒருவருக்கு முதல் தடவை நீர் கட்டியவுடனேயே இந்தக் கேள்வியை வைத்தியரிடம் கேட்டுவிட வேண்டும். படுக்கையோடு கிடக்கும்போது கேட்டால் உடம்பு தாங்காது.

வார்ட் வாசலில் கேட்கப்படும் கேள்வியோடு ஒரு வேண்டுகோளும் வரும்: "அவருக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ." பாசத்தால் சொல்லுகிறீர்கள், விளங்குகிறது. ஆனால் உப்பைக் குறைக்க வேண்டியவர் அவர். கள்ளை விடவேண்டியவர் அவர். இரவில் காய்ச்சல் வந்தால் மனைவியை எழுப்பிச் சொல்ல வேண்டியவரும் அவரே. என்ன நோய் என்று தெரியாதவர் எப்படி அதைச் செய்வார்? காணி எழுத வேண்டும், மகளின் கலியாணத்தைப் பேசி முடிக்க வேண்டும், கோபித்துக்கொண்டு போன தம்பியோடு கதைக்க வேண்டும் என்று அவருக்கும் இருக்கும். மானிப்பாயில் இருந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் நம்முடைய பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, 1867இல் இரண வைத்திய நூலைத் தமிழில் அச்சிட்டார். நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னரே நோயைத் தமிழில் முழுசாகச் சொல்ல முடிந்திருக்கிறது. இன்றைக்கு நோயாளிக்குச் சொல்ல நமக்குச் சொல் இல்லை என்று ஒதுங்கக்கூடாது. ஒரேயடியாகக் கொட்ட வேண்டியதில்லை. அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு. பொய் மட்டும் வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் மறுமொழியையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நீர் கட்டி, மருந்துக்கு வற்றுகிறது என்றால், விடுமுறையோடு வாருங்கள். வந்து அப்பாவோடு ஒரு மாதம் இருங்கள். மருந்துக்கு வற்றாமல் இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை நீர் எடுக்க வேண்டி வந்தாலோ, சிறுநீரகம் பழுதாகத் தொடங்கினாலோ, பொறுக்காமல் வாருங்கள்.

அந்தக் கடைசிக் கட்டத்துக்கு வந்தவர்களுக்கும் செய்ய நிறைய இருக்கிறது. ஆயுளை நீட்ட முடியாதபோதும் வயிற்றின் இறுக்கத்தை இறக்கி மூச்சை இலேசாக்கலாம். நோவைத் தணிக்கும் மருந்தைப் பக்குவமான அளவில் கொடுக்கலாம். மாறாட்டம் வராமல் மலம் இளகப் பாணி மருந்து கொடுக்கலாம். சொறியும் தோலுக்கு எண்ணெய், காய்ந்த வாய்க்கு ஈரத்துணி, சாய்ந்திருக்க முதுகுக்கு மூன்று தலகணி. இவற்றைச் செய்ய வைத்தியர் வேண்டாம், சொல்லித் தந்தால் வீட்டாரே செய்வார்கள். அந்த நேரத்தில் திரும்பத் திரும்பப் படகில் ஏற்றிப் பட்டினம் கொண்டுபோவதா, இங்கேயே வைத்துப் பார்ப்பதா என்பதை நோயாளியிடமே கேளுங்கோ. இங்கேயே இருக்க வேண்டும் என்று அவர் சொன்னால் அதற்கு ஒழுங்கு செய்யலாம். யாழ்ப்பாணத்து வார்ட்டும் இங்குள்ள வைத்தியசாலையும் தொலைபேசியில் கதைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை அது.

வீட்டில் இப்படியான நோயாளி இருந்து, மருந்துத் துண்டும் கிளினிக் கொப்பியும் கொண்டு வந்தவர்கள் கொஞ்சம் இருங்கோ, படகுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஒவ்வொருவராகப் பார்ப்போம். மற்றவர்கள் கேள்விகளைக் கேட்கலாம்.